பத்து மணித் தபால்

மாசி மாதத்தில் ஒரு நாள். இரவு இரண்டரை மணி இருக்கும். என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்த நேரத்தில் ஒரு தடவை எழுந்தே ஆக வேண்டும். கூடத்தைத் தாண்டிப் போகும்போது ஜன்னல் ஓரத்தில் ஒரு நீல வெளிச்சம். பேத்தி செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னும் தூங்கலியா கண்ணு?”

“தூங்கிட்டுதான் இருந்தேன் தாத்தா. மெயில் ஏதாவது வந்திருக்கான்னு சும்மா பாத்தேன்.”

சும்மா பார்க்கிறவர்கள் இரண்டரை மணிக்கு எழுந்து உட்கார மாட்டார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை.

இவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. பி.இ. முடித்துவிட்டாள். மேற்படிப்புக்கு அமெரிக்காவில் ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். கடலூரில் அவர்கள் வீட்டில் இருந்தால் அக்கம்பக்கத்தார் கேள்வி தாங்க முடியவில்லை என்று தை மாதம் குமராட்சிக்கு எங்களிடம் வந்துவிட்டாள். இங்கே கேள்வி குறைவாக இருக்கும் என்று நினைத்தாள், பாவம்.

அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். நம் வீடுகளில் இப்படிக் காத்திருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெளிநாட்டுக்கு மட்டுமில்லை. பிப்ரவரியில் கேட் தேர்வு எழுதிவிட்டு ஐ.ஐ.டி.யில் எம்.டெக். கிடைக்குமா என்று பார்க்கிறவர்கள், எம்.எஸ்சி.க்காக ஜாம் எழுதியவர்கள், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் எழுதியவர்கள் எல்லோருக்கும் பரீட்சை முடிந்த பிறகுதான் பெரிய பரீட்சை ஆரம்பிக்கிறது. அந்த நாட்களில் வீட்டுப் பெரியவர்களாகிய நாம் என்ன செய்கிறோம், என்ன செய்யலாம் என்பதுதான் என் பேச்சு.

நான் அஞ்சல் துறையில் எழுத்தராகச் சேர்ந்து 38 வருடம் வேலை பார்த்தவன். இந்த வட்டாரத்தில் பல அஞ்சலகங்களில் இருந்திருக்கிறேன். காத்திருப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததுதான்.

காலையில் பஸ்ஸில் தபால் பை வரும். முத்திரையைப் பார்த்து, பையைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, தபால்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது பத்து மணி ஆகும். அந்தப் பத்து மணிக்கு வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். மணியார்டர் எதிர்பார்க்கும் பாட்டிகள், சிங்கப்பூரில் கணவர் இருக்கும் பெண்கள், வேலைக்கோ படிப்புக்கோ எழுதிப் போட்ட பையன்கள். “இல்லையா சார்?” “இன்னிக்கு இல்லப்பா, நாளைக்குப் பாக்கலாம்.” அவ்வளவுதான். அடுத்த பத்து மணி வரைக்கும் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மாட்டைக் குளிப்பாட்டப் போவார்கள், நடவு பார்க்கப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை தபாலே கிடையாது. அன்றைக்குக் காத்திருப்பதற்கும் விடுமுறை.

பல்கலைக்கழகக் கடிதங்கள் கைக்கு வந்ததுமே எங்களுக்கு ஓரளவு தெரிந்துவிடும். உறை கனமாக இருந்தால் உள்ளே சேர்க்கைப் படிவம், கட்டண விவரம், விடுதி விண்ணப்பம் எல்லாம் இருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய உறை என்றால் ஒரே ஒரு தாள். ‘வருந்துகிறோம்’ என்று நாலு வரி. தெரிந்தாலும் வாயைத் திறக்கக்கூடாது, அது தொழில் ஒழுக்கம்.

1983 என்று நினைவு. பி.எஸ்சி. கணிதம் முடித்த ஒரு பையன் இரண்டு மைல் சைக்கிள் மிதித்துக்கொண்டு தினமும் பத்து மணிக்கு வருவான். ஒன்றும் கேட்க மாட்டான், ஜன்னல் பக்கம் நிற்பான். நான் தலையை ஆட்டினால் போய்விடுவான். எம்.எஸ்சி.க்குப் போட்டிருந்தான். மூன்று வாரம் இப்படி. அதற்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. டீக்கடையில் “என்ன தம்பி, லெட்டர் வந்துச்சா?” சலூனில் “என்ன தம்பி, வந்துச்சா?” அவன் அப்பா தனியாக ஒரு தடவை வந்து கேட்பார், மாமா ஒரு தடவை. பிறகு ஒருநாள் பையன் வருவது நின்றுவிட்டது. தபால்காரர் சொன்னார், “அவன் கடைத்தெரு பக்கமே வர்றதில்ல சார். வாய்க்கால் கரையோட சுத்திப் போறான்.”

அந்த வாரமே உறை வந்தது. மெல்லிய உறை. “நாலு பேர் நடுவுல நீட்டாதீங்க, அவன் கையில தனியா குடுங்க” என்று தபால்காரரிடம் சொல்லி அனுப்பினேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் பத்து மணிக்குப் பையன் வந்து நின்றான். ஒரு போஸ்ட்கார்டு வாங்கினான். வாங்கிக்கொண்டு சொன்னான்: “இனிமே பத்து மணிக்கு வரவேண்டியதில்ல சார். அதுவே நிம்மதியா இருக்கு. டீக்கடையில போய்ச் சொல்றதுதான் கஷ்டம்.”

இத்தனை வருடமாகியும் அந்த வார்த்தை எனக்கு மறக்கவில்லை. இடம் கிடைக்கவில்லை என்பதை அவன் தாங்கிக்கொண்டான். ஊர் கேட்கும் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. பிறகு பி.எட். முடித்து, கணக்கு வாத்தியாராக இருந்து, அவரும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். பஸ் நிறுத்தத்தில் எப்போதாவது பார்த்துக்கொள்வோம்.

இவ்வளவு பார்த்த நான் என்ன செய்தேன் தெரியுமா? பேத்தி வந்த நாளிலிருந்து தினமும் காலையில் காபி டம்ளரை நீட்டும்போதே, “என்னம்மா, ஏதாவது வந்துச்சா?” அன்பாகத்தான் கேட்டேன். சாயந்திரம் அவள் ஆயா கேட்பாள். இரவு கடலூரிலிருந்து மகள் போனில் கேட்பாள். நடுவில் பால்காரர், எதிர்வீட்டு அண்ணி, கல்யாண வீட்டில் பார்க்கும் பங்காளிகள். ஒருநாள் பேத்தி மெதுவாகத்தான் சொன்னாள்: “தாத்தா, வந்தா நானே சொல்லமாட்டேனா?” எனக்குச் சுருக்கென்றது. 1983-இல் டீக்கடைக்காரர் இருந்த இடத்தில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று புரிந்தது.

இரவு இரண்டரை மணிக்கும் காரணம் உண்டு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அலுவலகம் திறக்கும் காலை ஒன்பது மணி, குளிர்காலக் கணக்கில் நமக்கு இரவு ஏழரை. அவர்கள் மாலை ஐந்து மணிக்குக் கடையைக் கட்டும்போது நமக்கு விடிகாலை மூன்றரை. அதாவது அவர்கள் தபால் போடும் நேரம் முழுக்க நம் பிள்ளைகள் தூங்க வேண்டிய நேரம். எங்கள் காலத்தில் கவலைக்குப் பத்து மணி என்று ஒரு வேளை இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்குத் தபால்பெட்டி தலையணைக்கு அடியிலேயே இருக்கிறது. இருபத்து நாலு மணி நேரமும் எந்த நொடியும் வரலாம். மனசு எப்போது ஓயும்?

ஏன் இத்தனை தாமதம் என்பதையும் பெரியவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. நாம் நினைப்பதுபோல் யாரோ பிள்ளையின் கோப்பைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டதால் அல்ல. விண்ணப்பம் டிசம்பர், ஜனவரியோடு முடிகிறது. பதில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை கொஞ்சம் கொஞ்சமாக வரும். உதவித்தொகையோடு இடம் பெற்ற மாணவர் ஏப்ரல் 15 வரை யோசித்து முடிவு சொல்லலாம் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. கையில் மூன்று இடம் வைத்திருப்பவர் இரண்டை விட்டால்தான் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்கு நகரும். நம் ஐ.ஐ.டி.களின் எம்.டெக். சேர்க்கைக்கு இருக்கும் பொது இணையதளத்திலும் இதே கதைதான். கிடைத்த இடத்தை ஏற்கலாம், கையில் வைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம், வேண்டாம் என்று விட்டும் காத்திருக்கலாம். சுற்று சுற்றாகத்தான் நகரும். பஸ்ஸில் ஒருவர் இறங்கினால்தானே இன்னொருவர் உட்கார முடியும்.

இடம் இல்லை என்று வந்தாலும் அது பிள்ளையின் தகுதிக்குப் போட்ட மார்க் அல்ல. ஒரு துறையில் எத்தனை இடம், அந்த வருடம் எவ்வளவு பணம், எந்தப் பேராசிரியருக்கு ஆள் தேவை என்று எத்தனையோ கணக்கு அதில் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஆராய்ச்சிக்கான பணத்தில் கை வைத்தபோது, பல பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்ட இடங்களைக் குறைத்தன. கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டவையும் உண்டு. அந்தப் பிள்ளைகள் என்ன தப்பு செய்தார்கள்?

கீழணையைத் தாண்டினால் கும்பகோணம். அங்கே வளர்ந்த ராமானுஜன் எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். கேம்பிரிட்ஜில் இருந்த இரண்டு கணித அறிஞர்களுக்கு எழுதிப் பார்த்தும் உதவி கிடைக்கவில்லை. 1913 ஜனவரி 16-ஆம் தேதியிட்ட கடிதத்தை மூன்றாவதாக ஹார்டிக்கு அனுப்பினார். கப்பலில் போய்ச் சேர்ந்து, ஹார்டி பதில் எழுதியது பிப்ரவரி 8. அது சென்னைக்கு வர மறுபடியும் கப்பல். அந்த நாட்களில் ராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தர். நாற்காலியும் பேரேடும் சம்பளமும் இருந்தன. அந்த இரண்டு மௌனங்களை வைத்து அவரை எடை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் பிள்ளைகள் எல்லோரும் ராமானுஜன் என்று சொல்ல வரவில்லை. பதில் வராததற்கும் ஆளின் மதிப்புக்கும் சம்பந்தமில்லை என்றுதான் சொல்கிறேன். இன்னொன்று, காத்திருக்கிறவருக்கு அன்றாடம் போய்ச் செய்ய ஒரு வேலை இருந்தது.

நமக்கு இது புதிதா? நாம் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் ஜூன் 12 திறந்தாலும் திறக்காவிட்டாலும், கீழணைக்கு வந்து, வடக்கு ராஜன் வாய்க்காலில் இறங்கி நம் வயலுக்குத் தண்ணீர் எட்டும் நாள் நம் கையில் இல்லை. அதற்காக மதகில் போய் உட்கார்ந்து தண்ணீர் வருகிறதா என்று இரவு முழுக்க யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. வரப்பை வெட்டுவோம், விதை நெல்லைப் பார்ப்போம், வாய்க்கால் தூர் வாருவோம். வந்தால் நடவு, வராவிட்டால் வேறு யோசனை. அந்தப் புத்தி வயலில் நமக்கு இருக்கிறது. பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நாமே மதகில் உட்கார்ந்துகொள்கிறோம்.

அதனால் வீட்டில் சில ஏற்பாடுகள் செய்தோம்.

முதலாவது, தபாலுக்கு ஒரு வேளை. இரவு பத்து மணிக்குச் செல்போன் டி.வி. பெட்டியின் மேல் போய்விடும். காலை ஏழு மணிக்குக் காபி குடித்த பிறகு ஒரே தடவை மெயில் பார்ப்பது. இரவில் வந்திருந்தால் காலையிலும் அது அங்கேயேதான் இருக்கும், ஓடிப்போகாது. ஞாயிறு காலையும் திங்கள் காலையும் பார்க்கவே வேண்டாம், ஏனென்றால் முந்தைய இரவு அவர்களுக்குச் சனி, ஞாயிறு, அலுவலகம் கிடையாது. முதல் மூன்று நாள் பேத்தி தவித்தாள், பொய் சொல்ல மாட்டேன். ஒருநாள் விடிகாலை நாலு மணிக்கு டி.வி. பெட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். ஆயா எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பழைய கதை பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாரத்திலிருந்து பரவாயில்லை. ஐந்து மணி நேரமாவது சேர்ந்தாற்போல் தூங்குகிறாள்.

இரண்டாவது, கேள்விக்குத் தடை. வீட்டில் யாரும் கேட்கக் கூடாது. வந்தால் அவள் சொல்வாள். மகளுக்கும் இதைச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. “பெத்தவ கேக்கக் கூடாதாப்பா?” என்றாள். ‘சாப்பிட்டியா’ என்று கேள், ‘இன்னிக்கு என்ன பண்ணினே’ என்று கேள், ‘வந்துச்சா’ என்று மட்டும் கேட்காதே என்றேன். மகளின் தவிப்பும் எனக்குப் புரியாமலில்லை. பல இடங்களில் ஒரு விண்ணப்பத்துக்கே 75 முதல் 100 டாலர் வரை கட்டணம். ஐந்து இடத்துக்குப் போட்டால் ஒரு நல்ல பசுவின் விலை. அதற்குமேல் வங்கிக் கடன் பேச்சு. பணம் போட்டவர்களுக்குக் கேட்க வாய் வரும். ஆனால் அந்தக் கணக்கு பிள்ளைக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நாம் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

மூன்றாவது, ‘இல்லை என்றால் என்ன’ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து ஒரே தடவை பேசி முடித்தோம். நல்ல காரியத்துக்கு முன்னால் அபசகுனமாகப் பேசாதீர்கள் என்று ஆயா தடுத்தாள். நான் விடவில்லை. எங்கும் கிடைக்காவிட்டால் சென்னையில் ஒரு வருடம் வேலை, கூடவே கேட் தேர்வுக்குப் படிப்பு, அடுத்த வருடம் மறுபடி பார்ப்பது. இடம் கிடைத்து உதவித்தொகை கிடைக்காவிட்டால், வீட்டை வைத்துக் கடன் வாங்குவதில்லை. இப்படி வாய்விட்டுச் சொன்ன பிறகு பேத்தி முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பேசாமல் வைத்திருந்ததுதான் பூதமாக இருந்தது. ஆயா தில்லைக் காளியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். வேண்டிக்கொள்வதில் தப்பில்லை. “உனக்காகத்தான் விரதம் இருக்கேன்” என்று அதைப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது. அது இன்னொரு கடன்.

நாலாவது, வேலை. எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் ஆறு பேர். அவர்களுக்குச் சாயந்திரம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். இது நான் ஏற்பாடு செய்ததில்லை. எதிர்வீட்டுப் பையன் ஒரு கணக்கோடு வந்தான், மறுநாள் இரண்டு பேராக வந்தார்கள். அந்த ஒன்றரை மணி நேரம் அவள் வேறு ஆளாக இருக்கிறாள்.

பழைய நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். “நம்ம காலத்துல இதெல்லாம் யாரு பாத்தா? பேப்பர்ல நம்பர் வரும், இருந்தா இருக்கு, இல்லாட்டி இல்ல. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் தாங்கும் சக்தி இல்ல” என்றார். எனக்கு ஒப்புதல் இல்லை. பேப்பரில் நம்பர் இல்லாத பிள்ளைகள் அன்று என்ன பாடுபட்டார்கள் என்று நாம் விசாரிக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டைவிட்டுப் போனவர்களையும், அதைவிட மோசமாக முடிந்தவர்களையும் நம் தலைமுறையில் எல்லோருக்கும் தெரியும். தமிழக அரசே 2017-இல் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியது. மார்க்கைப் பந்தயமாக்கியது போதும் என்று அரசுக்கே தோன்றியிருக்கிறது. வீட்டுக்கு இன்னும் தோன்றவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். காத்திருக்கும்போது கொஞ்சம் படபடப்பு எல்லோருக்கும் இருக்கும். ஆனால் பிள்ளை வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால், ‘நான் இருந்து என்ன’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை விட்டால், அதை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். மந்திரிக்கக் கூட்டிப்போய் நாளைக் கடத்தவும் வேண்டாம். நாம் இன்னும் ராஜா முத்தையா என்றே சொல்லும் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச வேண்டுமென்றால் தமிழக அரசின் 104 இருக்கிறது. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ், 14416. இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம். பிள்ளைதான் பேச வேண்டும் என்றில்லை, பெற்றவர்களும் தாத்தாக்களும் பேசலாம்.

இன்றைய நிலவரம் இதுதான்: இரண்டு இடத்தில் இல்லை என்று வந்துவிட்டது. ஓரிடத்தில் கிடைத்திருக்கிறது, ஆனால் உதவித்தொகை இல்லை. இரண்டு பாக்கி. முதல் ‘இல்லை’ வந்த அன்று அவளே வந்து சொன்னாள். நான் ‘பரவாயில்லை’ என்றுகூடச் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் அழுதாள். சாயந்திரம் பிள்ளைகள் நோட்டோடு வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு போனாள்.

இன்று காலை ஏழு மணிக்கும் ஒன்றும் வரவில்லை. குமராட்சியில் இதைப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைத்தெருவிலோ பஸ்ஸிலோ என் பேத்தியைப் பார்த்தால், லெட்டர் வந்துச்சா என்று கேட்காதீர்கள். பத்தாவது பிள்ளைகள் கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். அதைப் பற்றி அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.